ஓடை எங்கே முடிகிறது?

கலீலா வ திம்னாவை அரபு மொழியில் ஆக்கித் தந்த இப்னுல் முகஃப்பஃ, அந்நூலுக்குத் தாம் எழுதிய முகவுரையில் அதன் வாசகர்களை வகைப்படுத்துகிறார். அறிஞர்கள் அதிலுள்ள ஞானத்துக்காக அதைத் தேடுவார்கள். அறிவிற் குறைந்தோர் வேடிக்கைக்காக நாடுவார்கள். பயிலும் பருவத்து இளைஞனோ பொருள் முழுதும் விளங்காமலேயே ஆர்வத்துடன் அதை நெஞ்சில் பதித்துக்கொள்வான். பின்னாளில் அறிவு முதிரும்போது, பெற்றோர் தனக்கென விட்டுச்சென்ற புதையலைக் கண்டெடுத்தவனைப் போல அவன் ஆகிவிடுவான். கி.பி. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இந்த உவமையைச் சிறுவர்க்கும் பெரியோர்க்கும் ஒருங்கே உரிய நூல்களைப் பற்றி நாம் இன்றுவரை கொண்டிருக்கும் கருத்தின் மூலவித்து எனலாம். பெட்டி குழந்தைக்கு, பெட்டிக்குள் இருக்கும் பொன் பெரியவருக்கு. குழந்தை அதுவரை பெட்டியைச் சுமந்துகொண்டிருந்தால் போதும்.

அரசர்களுக்கு அறிவுரை கூற எழுந்த ஒரு நூலுக்கு இந்த உவமை மிகவும் பொருந்தும். ஆனால் தலைமுறைகளைத் தாண்டி நிற்கும் சிறுவர் நூல்கள் அனைத்துக்கும் பொருந்துமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. அந்த ஐயத்தை ஒரே ஒரு கதையைக் கொண்டு சோதித்துப் பார்க்கலாம். பெரியவர்கள் பொன் என்று அள்ளிக்கொண்டு போன பொருள் அவர்கள் கையிலேயே மங்கிவிட, குழந்தையிடம் எஞ்சியிருந்த பெட்டி இன்றும் புதுமெருகோடு இருக்கும் விந்தையான கதை அது.

ஸமத் பெஹ்ரங்கியின் 'மாஹிய்யே ஸியாஹே கூச்சூலூ', அதாவது 'சின்னஞ்சிறு கறுப்பு மீன்', 1968இல் தெஹ்ரானில் வெளிவந்தது. பெஹ்ரங்கி 1939இல் தப்ரீஸ் நகரில் பிறந்தவர். தாய்மொழி அஸர்பைஜானியத் துருக்கி. பதினெட்டு, பத்தொன்பது வயதிலேயே ஆசிரியப் பணியில் சேர்ந்து, வாழ்நாள் முழுவதும் தப்ரீஸைச் சூழ்ந்த சிற்றூர்ப் பள்ளிகளில் கற்பித்தார். பாரசீகம் அறியாத பிள்ளைகளின் முன்னால், தெஹ்ரான் நகரக் குழந்தைகளை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட பாரசீகப் பாடநூலைப் பிரித்து வைக்க வேண்டிய நிலை. அந்த அனுபவத்திலிருந்து, ஈரானியக் கல்வியின் சிக்கல்களை ஆராய்ந்து 1965இல் ஒரு நூல் எழுதினார். நண்பர் பெஹ்ரூஸ் தெஹ்கானியுடன் சேர்ந்து அஸர்பைஜானிய நாட்டார் கதைகளைத் திரட்டினார். கறுப்பு மீன் வெளிவந்த அதே 1968ஆம் ஆண்டு ஆகஸ்ட் இறுதியில், அராஸ் ஆற்றில் மூழ்கி இறந்தார். வயது 29.

நூலை வெளியிட்ட நிறுவனத்தைப் பற்றியும் ஒரு சொல். சிறுவர், இளையோர் அறிவு வளர்ச்சிக்கென 1960களின் நடுவில் தொடங்கப்பெற்று, 'கானூன்' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அந்த அமைப்பு அரசி ஃபராஹ்வின் ஆதரவில் இயங்கியது. அப்பாஸ் கியாரொஸ்தமி தம் முதல் குறும்படத்தை 1970இல் எடுத்ததும் இங்குதான். மன்னராட்சிக்கு எதிரான ஒரு தலைமுறை தன் கைந்நூலாகக் கொண்டாடிய கதை, அரண்மனையின் நிழலில், அழகிய வண்ணப் படங்களோடு அச்சேறியிருக்கிறது. தணிக்கையாளர்கள் அதைக் குழந்தைக் கதையாக மட்டும் படித்திருக்கக்கூடும்.

கதையைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். ஆண்டின் மிக நீண்ட இரவு. ஈரானியர் இரவெல்லாம் விழித்திருந்து கதை பேசும் 'ஷபே சில்லா'. கடலின் அடியில் ஒரு மூதாட்டி மீன் தன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாகப் 12,000 மீன்களைச் சூழ அமர்த்திக் கதை சொல்லத் தொடங்குகிறது. மலைப்பாறையிலிருந்து கசிந்து பள்ளத்தாக்கில் ஓடும் ஓர் ஓடை. அதில் ஒரு கருங்கல்லுக்குப் பின்னால், பாசிக் கூரையின் கீழ், தாயும் சேயுமாக இரண்டு மீன்கள். தாய் இட்ட 10,000 முட்டைகளில் எஞ்சியது இந்த ஒற்றைக் குஞ்சுதான். ஒரே ஒருமுறையாவது தங்கள் வீட்டுக்குள் நிலவொளி விழுவதைப் பார்த்துவிட வேண்டும் என்பது அதன் ஏக்கம். நாளெல்லாம் ஓடையின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நீந்தித் திரிந்த அந்தக் கறுப்பு மீன், ஒருநாள் விடியுமுன் தாயை எழுப்பி, இந்த ஓடை எங்கே முடிகிறது என்று பார்த்துவரப் போகிறேன் என்கிறது. ஓடைக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை, ஓடை இப்படித்தான் என்கிறாள் தாய். இரவு முடிகிறது, பகல் முடிகிறது, மாதமும் ஆண்டும் முடிகின்றன, ஓடை மட்டும் முடியாதா என்பது குஞ்சின் வாதம். அண்டைவீட்டு மீன்கள் கூடிவிடுகின்றன. பிள்ளையின் மனத்தைக் கெடுத்தது யார் என்ற விசாரணை. ஒரு கிழட்டு நத்தையின் பெயர் அடிபடுகிறது. அந்த நத்தைக்கு இவர்கள் முன்பே ஒரு முடிவு கட்டிவிட்ட செய்தி, உரையாடலின் ஓரத்தில் ஒற்றை வரியாக வந்து மறைகிறது.

அதன் பிறகு பயணம். அருவி வழியே வீழ்ந்த குளத்தில், தாங்களே உலகின் அழகுகள் என்று இறுமாந்திருக்கும் தலைப்பிரட்டைகள். பாறைமேல் வெயில் காயும் ஓணான் வரப்போகும் ஆபத்துகளைச் சொல்லி, ஒரு குறுவாளையும் கொடுத்தனுப்புகிறது. இரவில் நிலவோடு பேச்சு. ஆற்றில் கூழைக்கடாவின் அலகுப் பை. அதற்குள் தன்னோடு சிக்கிய பொடிமீன்கள், தாங்கள் தப்பும் பொருட்டுக் கறுப்பு மீனைக் கொல்லத் துணிகின்றன. கொன்றுவிட்டோம் என்று அவை கூவியதும் கூழைக்கடா அவற்றை விழுங்கிவிட, கறுப்பு மீன் பையைக் கிழித்து வெளியேறுகிறது. பிறகு கடல். வலையோடு சேர்ந்து நீந்தி, வலையையே கடலடிக்கு இழுத்துச் செல்லும் மீன் கூட்டத்தை அது சந்திக்கிறது. அவர்களோடு சேருமுன் ஒருமுறை கடலைச் சுற்றிப் பார்க்க விரும்பி மேற்பரப்புக்கு வரும்போது நாரை கொத்திவிடுகிறது. நாரையின் வயிற்றுக்குள் தாயை நினைத்து அழும் ஒரு குட்டி மீன். அதைத் தப்பவைத்துவிட்டுக் கறுப்பு மீன் குறுவாளைப் பாய்ச்சுகிறது. நாரை கடலில் விழுகிறது. கறுப்பு மீனைப் பற்றி அதன்பின் செய்தி இல்லை.

பாரசீக மரபில் ஊறிய எவருக்கும் இந்தக் கதையின் அடியில் ஒரு பழைய கதையின் ஓசை கேட்கும். கலீலா வ திம்னாவின் 'சிங்கமும் எருதும்' அத்தியாயத்தில் வரும் மூன்று மீன்களின் கதை அது. நம் பஞ்சதந்திரத்திலிருந்து பஹ்லவிக்கும் அங்கிருந்து அரபுக்கும் போனது. மீனவர்கள் குளத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அறிவுள்ள மீன் உடனே வெளியேறுகிறது; இரண்டாம் மீன் கடைசி நேரத்தில் செத்ததுபோல் மிதந்து தப்புகிறது; மூன்றாவது அகப்படுகிறது. மௌலானா ரூமி மஸ்னவியின் நான்காம் தஃப்தரில் இதை எடுத்தாளும்போது ஒரு நுட்பத்தைச் சேர்க்கிறார். அறிவுள்ள மீன் மற்றவர்களிடம் ஆலோசனை கேட்காமலே கடலை நோக்கிப் புறப்படுகிறது. பிறந்த இடத்தின் மீது அவர்கள் கொண்ட பற்று தன் உறுதியையும் கரைத்துவிடும் என்று அஞ்சுகிறது. தாயகப் பற்று ஈமானின் பகுதி என மக்களிடையே ஹதீஸாக வழங்கிவரும் வாசகத்தையும் மௌலானா அங்கே எடுத்துக்கொண்டு, மெய்யான தாயகம் அந்தப் பக்கம் இருக்கிறது என்று திருப்பிவிடுகிறார்.

பெஹ்ரங்கி மௌலானாவின் வழியில் வந்த எழுத்தாளர் அல்லர். அவருடைய சாய்வு வேறு. ஆயினும் இந்த மூலப்பொருள்கள் எல்லாம் அவர் கதையில் இருக்கின்றன. கடலை நோக்கிப் புறப்படும் மீன், தடுக்கும் சுற்றம், கூழைக்கடாவின் பைக்குள் செத்ததுபோல் நடிக்கலாம் என்னும் யோசனைகூட. அவர் அறிந்தே எடுத்தாரா என்பது இங்கு பெரிதில்லை. மாற்றிய இடம்தான் பெரிது. பழைய கதையில் மீனவன் முதலில் வருகிறான். அவனுக்கு அஞ்சித்தான் மீன் புறப்படுகிறது. கறுப்பு மீனின் ஓடையிலோ மீனவன் இல்லை, பசி இல்லை, பகை இல்லை. ஒரு கேள்வி மட்டுமே இருக்கிறது. பழைய கதை விவேகத்தைப் பற்றியது. ஆகவே கதை முடிந்ததும் அதன் பொருளைத் தனியே பிரித்தெடுத்துவிட முடியும். இந்தக் கதையை நகர்த்துவது ஒரு குழந்தையின் வியப்பு. நான்கு வயதுப் பிள்ளையோடு ஆற்றங்கரையில் நடந்தவர்கள் யாவரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள். தாய் மீன் சொன்ன பதிலையே சொல்லியும் இருப்பார்கள்.

பெரியவர்கள் இக்கதையை என்ன செய்தார்கள் என்பது ஈரானிய இலக்கிய வரலாற்றின் சோகமான பக்கங்களில் ஒன்று. ஓடை என்றால் ஒடுக்கப்பட்ட சமூகம். கூழைக்கடாவும் நாரையும் ஆட்சி. குறுவாள் ஆயுதப் போராட்டம். வலையை இழுக்கும் மீன்கள் அமைப்பாகத் திரண்ட மக்கள். மனூசெஹ்ர் ஹெஸார்கானி இக்கதையின் உலகப் பார்வையை விளக்கி எழுதிய கட்டுரை இந்த வாசிப்புக்கு வழிவகுத்தது. பெஹ்ரங்கியின் மரணம் அதற்கு இரத்த சாட்சியத்தின் ஒளியைத் தந்தது. அவரை உளவுத்துறையான சாவாக் கொன்றுவிட்டது என்ற பேச்சு நாடெங்கும் பரவியது. ஜலால் ஆலெ அஹ்மது எழுதிய புகழஞ்சலி அந்தப் பேச்சை ஒரு தொன்மமாகவே வளர்த்தது. அன்று ஆற்றங்கரையில் உடனிருந்தவர் பிற்காலத்தில் அது நீச்சல் தெரியாததால் நேர்ந்த விபத்து என்றே எழுதினார். ஆனால் அதற்குள் மனிதர் கதையாகிவிட்டிருந்தார். 1971 பிப்ரவரியில் ஸியாஹ்கல் தாக்குதலோடு தொடங்கிய கெரில்லா இயக்கத்து இளைஞர்களுக்குக் கறுப்பு மீன் முன்மாதிரி ஆயிற்று. கதை திரட்டிய நண்பர் பெஹ்ரூஸ் தெஹ்கானியும் அதே ஆண்டில் சித்திரவதையில் மாண்டார். ஒரு சிறுவர் கதையை வேதவாக்காகக் கொண்டு மெய்யாகவே உயிர்விட்டவர்களைப் பற்றி இலேசாக எழுதிவிட முடியாது. எனினும் சொல்லித்தான் ஆக வேண்டும்: அந்த வாசிப்பு கதையை ஒரு பூட்டாகவும் தன்னைச் சாவியாகவும் கருதியது. பூட்டு திறந்தபின் அதற்குள் இருந்தது அவர்கள் ஏற்கெனவே அறிந்திருந்த கொள்கையே. 1979இல் மன்னராட்சி வீழ்ந்து, அந்த இயக்கங்களும் சிதறியபின், அந்தச் சாவியால் திறப்பதற்கு ஏதும் மிஞ்சவில்லை.

இதற்குப் பெஹ்ரங்கியே ஓரளவு பொறுப்பாளி. சிறுவர் இலக்கியம் பற்றி அவர் எழுதிய கட்டுரையில், பெற்றோருக்குக் கீழ்ப்படி, கைகழுவு, கூச்சலிடாதே என்று ஓதிக்கொண்டிருக்கும் நூல்களைச் சாடுகிறார். குழந்தையின் இனிய கனவுலகுக்கும் பெரியவர்களின் கசப்பான நிஜ உலகுக்கும் இடையே பாலமாக இருப்பதே சிறுவர் நூலின் பணி என்கிறார். முதற்பகுதியில் அவருடன் முழுமையாக உடன்படலாம். இரண்டாம் பகுதி சற்றே அச்சமூட்டுகிறது. பாலம் என்பது கடப்பதற்காக. கடந்தபின் அதில் யாரும் தங்குவதில்லை. கீழ்ப்படிதலைப் போதிப்பது போதனை என்றால், கலகத்தைப் போதிப்பதும் போதனைதான். அவருடைய 'உறக்கத்திலும் விழிப்பிலும் 24 மணிநேரம்' என்னும் கதையைப் பாருங்கள். தெஹ்ரான் தெருவில் உறங்கும் ஏழைச் சிறுவன், கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பொம்மை ஒட்டகத்தின் மீது உயிரையே வைத்திருக்கிறான். அவனும் ஒட்டகமும் கனவில் நகரைச் சுற்றும் பகுதி, எந்த நாட்டுச் சிறுவர் இலக்கியத்திலும் வைத்துப் போற்றத்தக்கது. செல்வர் வீட்டுச் சிறுமி ஒட்டகத்தை வாங்கிப் போனதும், அங்கிருக்கும் பொம்மை இயந்திரத் துப்பாக்கி தனதாக வேண்டும் என்ற விருப்பத்தோடு கதையை முடிக்கிறார். அந்த இறுதியில் சிறுவன் மறைந்து ஆசிரியர் எழுந்து நிற்கிறார். இரண்டாம் முறை படிக்கையில் நம் கண் அந்த முடிவைத் தவிர்த்துவிட்டு ஒட்டகத்திடம் திரும்புகிறது.

கறுப்பு மீனிலும் இத்தகைய இடங்கள் உண்டு. தலைப்பிரட்டைகள் வெறும் கேலிச்சித்திரங்கள். கடலின் மேற்பரப்பில் வெயிலில் நீந்தும் மீன் மரணத்தைப் பற்றிச் சிந்திக்கும் பகுதி பெரியவர்களால் மிகுதியும் மேற்கோள் காட்டப்பட்டது. தன் வாழ்வோ சாவோ பிறர் வாழ்வில் என்ன விளைவை உண்டாக்கும் என்பதே முக்கியம் என்று அது எண்ணுகிறது. உயர்ந்த எண்ணந்தான். ஆனால் அது மீனின் எண்ணமாக இல்லை. நிலவொளி வீட்டுக்குள் விழ வேண்டுமென ஏங்கிய உயிரின் குரல் அந்த வரிகளில் கேட்பதில்லை. 29 வயது ஆசிரியரின் குரல் கேட்கிறது.

இந்த இடங்களை மீறியும் கதை நிற்கிறது என்றால், அதைத் தாங்கி நிற்பவை கொள்கை வாசிப்பு கண்டுகொள்ளாத பகுதிகள்தாம். நிலவோடு நிகழும் உரையாடலை எடுத்துக்கொள்வோம். மனிதர்கள் பறந்துவந்து தன்மேல் இறங்கப் போகிறார்கள் என்று நிலவு சொல்கிறது. அது ஆகாத செயல் என்கிறது மீன். கடினந்தான், ஆனால் மனிதர்கள் நினைத்தால் என்று நிலவு தொடங்கும்போதே கருமேகம் மூடிவிடுகிறது, வாக்கியம் முடிவதில்லை. கதை வெளிவந்த மறு ஆண்டு, 1969 ஜூலையில், மனிதன் நிலவில் கால்வைத்தான். பெரியவர் இதில் முன்னறிவிப்பைக் காண்பார். குழந்தைக்கோ நிலவு என்ன சொல்லவந்தது என்பதே கவலை. பாதியில் நின்ற அந்த வாக்கியத்தை ஒவ்வொரு குழந்தையும் தன் போக்கில் முடித்துக்கொள்கிறது.

இன்னொன்று. கறுப்பு மீனின் கதை மூதாட்டிக்கு எப்படித் தெரிந்தது? நாரையின் வயிற்றுக்குள் நடந்ததற்குச் சாட்சி ஒன்றே ஒன்று: தப்பிப் பிழைத்த அந்த அழுமூஞ்சிக் குட்டி மீன். அப்படியானால் கதைசொல்லும் பாட்டியே அந்தக் குட்டிதானோ? பிரதியில் இதற்கு வெளிப்படையான ஆதாரம் ஏதுமில்லை. ஆயினும் நான் அப்படி வாசிக்கவே விரும்புகிறேன். அவ்வாறு வாசிக்கும்போது 12,000 பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஒருத்தி காப்பாற்றப்பட்டதன் கணக்காக மாறிவிடுகிறார்கள். மேற்பரப்பில் மீன் செய்த அந்தத் தத்துவச் சிந்தனை சொல்ல முயன்றதை, ஒரு சொல்லும் செலவிடாமல் கதையின் சட்டகமே சொல்லிவிடுகிறது.

பாட்டி கதையை முடித்ததும் 11,999 மீன்கள் இரவு வணக்கம் சொல்லி உறங்கப் போகின்றன. பாட்டியும் உறங்குகிறாள். ஒரு சின்னஞ்சிறு சிவப்பு மீனுக்கு மட்டும் உறக்கம் வரவில்லை. விடியும்வரை அது கடலையே நினைத்துக்கொண்டிருக்கிறது. சிவப்பு என்பதால் கொள்கையாளர்களுக்கு இந்த இடமும் எளிதாகிவிட்டது. அவர்கள் கேட்க மறந்த எளிய கேள்வி ஒன்றுண்டு. இந்தக் கூட்டம் அமர்ந்திருப்பதே கடலின் அடியில்தான். கடலிலேயே பிறந்து கடலிலேயே கிடக்கும் மீன், இரவெல்லாம் எந்தக் கடலை நினைக்கிறது? ஆசிரியரின் கவனப் பிசகு என்று இதைத் தள்ளிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கதை கேட்பதற்கு முன் அது இருந்த இடத்துக்குக் கடல் என்று பெயர் இருந்ததே தவிர, சிவப்பு மீனுக்கு அது பாட்டியின் வீடு, அவ்வளவே. கதை கேட்டபின் தன்னைச் சூழ்ந்திருக்கும் நீரே அதற்குத் தொலைதூர நாடாகிவிட்டது. சிறந்த சிறுவர் நூல்கள் வளர்ந்தவரையும் விடாமல் பற்றும் விதத்தை இதைவிடத் துல்லியமாகச் சொன்ன இடம் வேறு எதுவும் எனக்குத் தெரியாது. உறங்கிய 11,999 மீன்களைக் கதை ஏளனம் செய்யவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அவை கதையைக் கேட்டன, மகிழ்ந்தன, உறங்கின. அதுவும் நல்வாசிப்புதான்.

மரணத்தைச் சொல்லலாமா என்ற கேள்வி நம் இல்லங்களில் இப்போதும் எழுவதுண்டு. புத்தகக் காட்சிகளில் சிறுவர் நூல் வாங்க வரும் பெற்றோர் பலரும் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, நீதி இருக்கிறதா, யாரும் சாகாமல் இருக்கிறார்களா என்று பார்த்தபின்பே விலை கேட்கிறார்கள். ஈ.பி. வைட்டின் 'ஷார்லட்டின் வலை' 1952இல் வெளிவந்தபோது, பன்றிக்குட்டியின் உயிரைக் காத்த சிலந்தி, கண்காட்சித் திடலில் துணையேதும் இன்றித் தனியே இறந்துபோகிறது. 1943இல் வெளியான செந்த் எக்சுபெரியின் 'குட்டி இளவரசன்' பாலைவனத்தில் ஓசையின்றிச் சாய்கிறான். பொழுது விடிந்து பார்க்கையில் உடலைக் காணோம். இவை குழந்தைகளைக் கலங்கவைக்கும் என்பது உண்மை. ஆனால் கலக்கத்துக்கும் கேடுக்கும் வேறுபாடு உண்டு. கறுப்பு மீனோ இவ்விரண்டையும்விட ஒருபடி மேலே போய், இறந்தது என்றுகூடச் சொல்வதில்லை. செய்தி வரவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. நம்பிக்கையுள்ள குழந்தை அதை உயிரோடு வைத்திருக்கலாம். வளர்ந்தவர் அந்த மௌனத்தை வேறுவிதமாகப் படிப்பார். அடுத்த வாசிப்பில் அவரும் தடுமாறலாம்.

இந்நூல் பல மொழிகளில் கிடைக்கிறது. 2015இல் லண்டனின் டைனி அவ்ல் பதிப்பகம் வெளியிட்ட ஆங்கில நூல், ஃபர்ஷீத் மஸ்காலி வரைந்த மூலப் படங்களைத் தாங்கி வந்தது. அச்சுக்கட்டையில் செதுக்கி ஒற்றியது போன்ற கனத்த கோடுகளால் ஆன அந்தப் படங்களுக்கு 1969இல் பொலோனியாவிலும் பிராத்திஸ்லாவாவிலும் பரிசுகள் கிடைத்தன. 1974இல் மஸ்காலி ஹான்ஸ் கிறிஸ்தியன் ஆண்டர்சன் விருதும் பெற்றார். நூலின் அரசியலை மட்டும் வேண்டியவர்கள் இப்படங்களின்றி உரையை மட்டும் அச்சிட்டுக்கொண்டதுண்டு. கதையை எவ்வளவு குறைத்து மதித்தார்கள் என்பதற்கு அதுவே சான்று. ஆங்கிலத்தில் பெயர்ப்பவருக்கு வேறொரு தொல்லை. பாரசீகத்தின் 'ஊ' என்னும் சுட்டு ஆண், பெண் பேதமற்றது. ஆங்கிலம் கறுப்பு மீனை அவனாகவோ அவளாகவோ ஆக்க நேர்கிறது. உயிரற்ற பொருளுக்குரிய சுட்டை இட்டால் கதை உலர்ந்துபோகும். தமிழுக்கு அந்தச் சங்கடம் இல்லை. நம் 'அது' மீனுக்கும் உரியது, மடியில் கிடக்கும் குழந்தைக்கும் உரியது. மொழிபெயர்ப்பவர் அதை அப்படியே விட்டுவிட்டு, நிலவின் வாக்கியத்தையும் முடித்துவைக்காமல், கடைசிப் பக்கத்தில் நீதி எதையும் சேர்க்காமல் இருந்தால் போதும்.